தொழிலகக் காற்றோட்டம்

தொழிலகக் காற்றோட்டம் என்பது தொழிற்சாலைகள், பணிமனைகள், சுரங்கங்கள் முதலிய வேலையிடங்களில் தோன்றும் தூசி, புகை, ஆவி, நச்சு வளிமம், மிகைவெப்பம் ஆகியவற்றைக் காற்றைத் திட்டமிட்டு நகர்த்துவதன் மூலம் கட்டுப்படுத்தும் பொறியியல் முறை ஆகும். வீடுகளிலும் அலுவலகங்களிலும் காற்றோட்டம் பெரும்பாலும் வசதி கருதி அமைக்கப்படுகின்றது. தொழிலகங்களில் அது தொழிலாளர்களின் நுரையீரலையும் உயிரையும் காக்கும் ஏற்பாடாக அமைகின்றது.

இத்துறையின் அடிப்படைக் கொள்கை எளிமையானது. மாசு தொழிலாளியின் மூக்கை அடைவதற்கு முன், அது தோன்றும் இடத்திலேயே பிடிக்கப்பட வேண்டும். சுவரில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துவது மட்டும் இதற்குப் போதாது. அது ஏன் போதாது என்பதையும், முறையான அமைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

காற்றில் கலக்கும் மாசுகள்

வேலையிடக் காற்றில் காணப்படும் மாசுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

* தூசி - அரைத்தல், உடைத்தல், துளையிடல், சாணை பிடித்தல் போன்ற வேலைகளில் திண்மப் பொருள்கள் நொறுங்குவதால் உண்டாவது. எ.கா: கல்தூசி, மரத்தூசி, பஞ்சுத்தூசி.
* உலோகப்புகை - உருகிய உலோகத்திலிருந்து எழும் ஆவி குளிர்ந்து மிக நுண்ணிய துகள்களாக உறைவதால் உண்டாவது. எ.கா: வெல்டிங் புகை.
* பனித்துளி - நீர்மங்கள் நுண்துளிகளாகச் சிதறுவதால் உண்டாவது. எ.கா: மின்முலாம் பூசும் தொட்டிகளின் அமிலத் துளிகள், தெளிப்பு முறையில் வண்ணம் பூசுகையில் எழும் துளிகள்.
* ஆவியும் வளிமமும் - கரைப்பான்களின் ஆவி, கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சல்பைடு முதலியன.

துகளின் பருமன் மிக முக்கியமானது. ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் பருமனுள்ள துகள் சில நொடிகளில் தரையில் படிந்துவிடும். நீரின் அடர்த்தியை ஒத்த, 1 மைக்ரோமீட்டர் பருமனுள்ள துகள் அசைவற்ற காற்றில் 1 மீட்டர் கீழிறங்கவே ஏறத்தாழ 8 மணிநேரம் ஆகும். அதாவது, ஒரு முழு வேலைநேரமும் அது தொழிலாளி சுவாசிக்கும் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். இத்தகைய நுண்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்கின்றன. அவை சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. எனவே, காற்று தெளிவாகத் தோன்றுவதை வைத்து அது தூய்மையானது என்று முடிவு செய்ய இயலாது.

படிகச் சிலிக்கா கலந்த தூசியை நெடுநாள் சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகின்றது. நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போகும் இந்நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை. வேலையை விட்ட பின்னரும் இது முற்றக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995 ஆம் ஆண்டிலும், சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை 1997 ஆம் ஆண்டிலும், வெல்டிங் புகையை 2017 ஆம் ஆண்டிலும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

வரலாறு

செருமானிய அறிஞர் கியார்கியசு அக்ரிகோலா எழுதி 1556 ஆம் ஆண்டில் வெளியான சுரங்கவியல் நூலில், சுரங்கங்களுக்குள் காற்றைச் செலுத்தும் துருத்திகள், கையால் சுழற்றும் விசிறிகள், காற்றுப்பிடிப்பான்கள் ஆகியவை படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. கார்ப்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருந்தனர் என்றும், அக்கணவர்கள் தூசியால் வந்த நுரையீரல் நோயால் மாண்டனர் என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பல்வேறு தொழில்களுக்குரிய நோய்களைத் தொகுத்தளித்தார். நோயாளியிடம் அவரது தொழில் என்ன என்று கேட்கவேண்டும் என வலியுறுத்தியவர் இவர்.

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில், கத்திகளையும் முள்கரண்டிகளையும் நீரின்றி உலர்ந்த சாணைக்கல்லில் தீட்டிய தொழிலாளர்கள் இளவயதிலேயே நுரையீரல் நோயால் இறந்தனர். பிரித்தானியாவின் 1878 ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, பணிமனைச் சட்டம், சாணை பிடிக்கும் இடங்களில் தூசியை அகற்ற விசிறி அமைக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை ஆய்வாளர்களுக்கு அளித்தது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்சீனியா மாநிலத்தில் 1930 - 1931 ஆம் ஆண்டுகளில் ஆக்சு நெசுட் என்னும் இடத்தில் நீர்மின் திட்டத்திற்காகச் சுரங்கப்பாதை ஒன்று குடையப்பட்டது. அங்கிருந்த பாறையில் சிலிக்கா மிகுதியாக இருந்தது. நீர் பாய்ச்சாமல் உலர்நிலையிலேயே துளையிடப்பட்டது. காற்றோட்டமும் போதுமானதாக இல்லை. நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும் என்பது பொதுவான அனுபவம். ஆனால், இங்கு சில மாதங்கள் மட்டுமே வேலை செய்தவர்களும் சிலிக்கோசிஸ் நோயால் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலானோர் தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். 1936 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தது. இறந்தோர் தொகை 476 என அவ்விசாரணையில் கூறப்பட்டது. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் அதனை 764 என மதிப்பிட்டது. தூசியைக் கட்டுப்படுத்தும் முறைகள் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தன என்பது இந்நிகழ்வின் துயரமான கூறாகும்.

வகைகள்

தொழிலகக் காற்றோட்டம் இருபெரும் வகைப்படும்.

1. பொதுக் காற்றோட்டம்: கட்டடம் முழுவதிலும் தூய காற்றைப் புகுத்தி, மாசின் செறிவைக் குறைப்பது. இது நீர்த்தல் முறை எனவும் கூறப்படும். கூரைத் திறப்புகள், சாளரங்கள் வழியாக இயற்கையாகவும், எக்சாஸ்ட் விசிறிகள் மூலம் செயற்கையாகவும் இதனைச் செய்யலாம்.
2. உள்ளிட உறிஞ்சு காற்றோட்டம்: மாசு தோன்றும் இடத்திற்கு அருகிலேயே அதனை உறிஞ்சி, குழாய்வழியே கொண்டுசென்று, தூய்மைப்படுத்தி வெளியேற்றுவது.

வெப்பத்தைத் தணிப்பதற்கும், நச்சுத்தன்மை குறைந்த மாசு சிறிய அளவில், பரவலாகத் தோன்றும் இடங்களுக்கும் முதல் வகை பொருந்தும். தூசிக்கும், உலோகப்புகைக்கும், நச்சுத்தன்மை மிகுந்த பொருள்களுக்கும் இரண்டாவது வகையே ஏற்றது.

பொதுக் காற்றோட்டத்தின் எல்லை

நீர்த்தல் முறைக்கு எவ்வளவு காற்று தேவை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். வண்ணப்பூச்சுகளிலும் பசைகளிலும் கரைப்பானாகப் பயன்படும் டொலுயீன் 1 லிட்டர் முழுவதும் ஆவியாவதாகக் கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 867 கிராம். மூலக்கூற்று நிறை 92. எனவே அதில் ஏறத்தாழ 9.4 மோல் உள்ளது. 25 பாகை செல்சியசில் 1 மோல் ஆவி 24.45 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே 1 லிட்டர் நீர்மத்திலிருந்து ஏறத்தாழ 230 லிட்டர் தூய ஆவி உண்டாகும். இந்த ஆவியின் செறிவைப் பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற அளவுக்குக் குறைக்க வேண்டுமாயின், 11,500 கன மீட்டர் தூய காற்று தேவைப்படும்.

அதாவது, மணிக்கு 1 லிட்டர் டொலுயீன் ஆவியாகும் பணிமனைக்கு மணிக்கு 11,500 கன மீட்டர் காற்று வேண்டும். இதுவும் காற்று முழுமையாகக் கலக்கிறது என்ற கருதுகோளின் அடிப்படையிலேயே கிடைக்கும் அளவாகும். நடைமுறையில் அவ்வாறு கலப்பதில்லை என்பதால், இதனை 3 முதல் 10 வரையான ஒரு காப்புக் காரணியால் பெருக்குவது வழக்கம். மேலும், கட்டடத்தின் சராசரிச் செறிவு எவ்வளவு குறைந்தாலும், மாசு தோன்றும் இடத்தின் மேல் குனிந்து வேலை செய்பவர் அந்தச் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அவர் சுவாசிப்பது தம் முகத்தின் முன்னுள்ள காற்றையே.

உள்ளிட உறிஞ்சு அமைப்பின் கூறுகள்

இவ்வமைப்பு ஐந்து கூறுகளைக் கொண்டது:

* உறிஞ்சு முகப்பு - மாசை உள்ளிழுக்கும் வாய். தொழிற்கூடங்களில் இது ஹூட் என வழங்கப்படுகின்றது.
* குழாய்வழி - மாசுபட்ட காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட்.
* காற்றுத் தூய்மிப்பான் - தூசிக்குச் சைக்ளோன் என்னும் சுழற்பிரிப்பான், பை வடிகட்டி. அமில ஆவிக்கு நீர்க்கழுவி. கரைப்பான் ஆவிக்குக் கிளர்வூட்டிய கரி முதலியன பயன்படுகின்றன.
* விசிறி - அமைப்பு முழுவதும் காற்றை இழுப்பது. தூய்மிப்பானுக்குப் பின்னர் இதனை அமைத்தால் தூசியால் விசிறியின் அலகுகள் தேய்வது குறையும்.
* புகைபோக்கி - வெளியேறும் காற்று மீண்டும் கட்டடத்திற்குள் புகாதவாறு உயரத்தில் வெளியேற்றுவது.

குழாய்வழியில் காற்றின் வேகம் போதாவிடில் தூசி வழியிலேயே படிந்து குழாயை அடைத்துவிடும். வளிமத்திற்கும் ஆவிக்கும் நொடிக்கு 5 முதல் 10 மீட்டர், வெல்டிங் புகைக்கு 10 முதல் 13 மீட்டர், உலர்ந்த தூசிகளுக்கு 15 முதல் 20 மீட்டர், ஈயத்தூசி போன்ற கனமான தூசிகளுக்கு 20 மீட்டருக்கு மேல் வேகம் இருக்குமாறு வடிவமைப்பது வழக்கம்.

ஊதுதலும் உறிஞ்சுதலும்

எரியும் மெழுகுவர்த்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தொலைவிலிருந்து மூச்சை உள்ளிழுத்து அணைக்க முடியாது. ஊதப்படும் காற்று ஒரே திசையில் தாரையாகச் செல்கின்றது. உறிஞ்சப்படும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வாயை நோக்கி வருகின்றது. ஊதும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தைப் போல் 30 மடங்கு தொலைவில்தான் காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது. உறிஞ்சும் குழாயிலோ ஒரு விட்டத் தொலைவிலேயே வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடுகின்றது.

இதனை அமெரிக்கப் பொறியியலாளர் யோசப் டல்லாவல்லே 1930களில் அளவிட்டு, பின்வரும் சமன்பாட்டைத் தந்தார்:

தேவையான காற்றளவு = கவர்வேகம் × (10 × தொலைவு × தொலைவு + வாயின் பரப்பு)

இங்கு கவர்வேகம் என்பது, மாசு தோன்றும் புள்ளியில் அதனை முகப்பை நோக்கி இழுப்பதற்குத் தேவையான காற்றின் வேகம் ஆகும். தொலைவு என்பது முகப்பின் வாயிலிருந்து அப்புள்ளி வரையுள்ள இடைவெளி. வாயின் பரப்பு 0.1 சதுர மீட்டர், கவர்வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் எனக் கொண்டால்:

* தொலைவு 15 சென்டிமீட்டர் - நொடிக்கு 0.16 கன மீட்டர் காற்று
* தொலைவு 30 சென்டிமீட்டர் - நொடிக்கு 0.50 கன மீட்டர் காற்று
* தொலைவு 60 சென்டிமீட்டர் - நொடிக்கு 1.85 கன மீட்டர் காற்று

முகப்பை 15 சென்டிமீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், அதே பயனைப் பெற 11 மடங்குக்கும் மேற்பட்ட காற்று தேவைப்படுகின்றது. நடைமுறையில் விசிறி மாற்றப்படுவதில்லை. முகப்பு மட்டும் வேலைக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கி வைக்கப்படுகின்றது. அப்பொழுது விசிறி ஓடும், ஓசை எழும், மின்கட்டணமும் ஏறும். மாசு மட்டும் பிடிபடாது.

பெரிய விசிறியை வாங்கி இக்குறையை ஈடுகட்டுவதும் எளிதன்று. ஒரே அமைப்பில் விசிறியின் சுழல்வேகத்திற்கு நேர்விகிதத்தில் காற்றளவும், வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அழுத்தமும், கனத்திற்கு ஏற்ப மின்திறனும் கூடுகின்றன. காற்றளவை 20 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 73 விழுக்காடு கூடும். இதனினும் மாசு தோன்றும் இடத்தை முடிந்தவரை மூடி அமைப்பதும், முகப்பை அருகில் கொண்டுவருவதும், வாயைச் சுற்றி ஒரு விளிம்புத் தகடு பொருத்துவதும் சிக்கனமானவை. விளிம்புத் தகடு மட்டுமே தேவையான காற்றளவை ஏறத்தாழ கால்பங்கு குறைக்கும்.

கவர்வேகம்

வழக்கமாகப் பின்பற்றப்படும் கவர்வேகங்கள் வருமாறு:

* தொட்டிகளிலிருந்து அமைதியாக ஆவியாதல் - நொடிக்கு 0.25 முதல் 0.5 மீட்டர்
* வெல்டிங், மின்முலாம் பூசுதல் - 0.5 முதல் 1 மீட்டர்
* தெளிப்பு வண்ணப்பூச்சு, கல் உடைத்தல் - 1 முதல் 2.5 மீட்டர்
* சாணை பிடித்தல், மணல் வீச்சு - 2.5 முதல் 10 மீட்டர்

மேசை விசிறி அல்லது திறந்த கதவு வழியாக வரும் குறுக்குக் காற்று நொடிக்கு 0.5 மீட்டரை எளிதில் எட்டிவிடும். எனவே, புழுக்கத்துக்காக வெல்டிங் மேசையருகே வைக்கப்படும் விசிறி, உறிஞ்சு அமைப்பை முற்றிலும் பயனற்றதாக்கி விடலாம்.

வடிவமைப்பில் காணப்படும் பிழைகள்

* தொட்டிக்கு மேலே குடைபோன்ற முகப்பை அமைத்து, தொழிலாளி அதன் கீழ்க் குனிந்து வேலை செய்ய விடுதல். மேலெழும் மாசு அவரது முகத்தைக் கடந்தே முகப்பை அடைகின்றது. இத்தகைய இடங்களில் பக்கவாட்டில் உறிஞ்சும் முகப்பே பொருத்தமானது.
* வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புதிய காற்று வர வழி அமைக்காமை. இதனால் கட்டடத்தில் அழுத்தம் குறைந்து, உறிஞ்சப்படும் காற்றளவு தானாகவே வீழ்ச்சியடையும். அடுப்புகளின் புகைபோக்கி வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்புவதும் உண்டு.
* ஒரே விசிறியுடன் பின்னாளில் புதிய கிளைக்குழாய்களை இணைத்துக்கொண்டே போதல். ஒவ்வொரு கிளையும் மற்றக் கிளைகளின் காற்றைப் பறித்துக்கொள்ளும்.
* படிந்த தூசியை அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவு செய்தல். இது படிந்த தூசியை மீண்டும் சுவாசக் காற்றில் கலக்கின்றது.

எடுத்துக்காட்டு: நூற்பாலைகள்

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளும் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றவை. பஞ்சைப் பிரித்துத் துப்புரவு செய்யும் புளோரூம் பிரிவிலும், சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவிலும் தூசி மிகுதியாக எழுகின்றது. பஞ்சுத்தூசியால் பிசினோசிஸ் என்னும் சுவாச நோய் உண்டாகின்றது. விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் மிகுவது இதன் தொடக்ககால அறிகுறியாகும். கவனிக்காமல் விட்டால் நிரந்தர மூச்சுத்திணறலாக மாறக்கூடும்.

நூற்பாலைகளில் காற்றோட்டத்திற்கு இரு கடமைகள் உண்டு. நூல் அறுந்துபோகாதிருக்கக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். தொழிலாளி நோயுறாதிருக்கத் தூசி அகல வேண்டும். ஈரமூட்டு நிலையத்தில் நீர் தெளித்துக் குளிர்வித்த காற்று மேலிருந்து கூடத்திற்குள் விடப்படுகின்றது. தூசி கலந்த காற்று தரையடிக் கால்வாய்கள் வழியாக உறிஞ்சப்பட்டு, சுழலும் உருளை வடிகட்டிகளில் வடிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்படுகின்றது. ஈரமூட்டு அமைப்பு பழுதானால் நூல் அறுபடுவது உடனே தெரிந்துவிடும். வடிகட்டி பழுதானால் அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில்தான் தெரியும். எனவே பின்னதைத் தனியே கண்காணிப்பது தேவையாகின்றது.

வெடிப்பு அபாயம்

சர்க்கரை, மாவு, மரம், அலுமினியம் முதலியவற்றின் நுண்தூசி காற்றில் தகுந்த அளவில் கலந்தால் வெடிக்கக்கூடியது. 2008 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் நாள் அமெரிக்காவின் சார்சியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் நேர்ந்த தூசி வெடிப்பில் 14 தொழிலாளர்கள் இறந்தனர். அங்கு முன்பு திறந்திருந்த கொண்டுசெல்பட்டை 2007 ஆம் ஆண்டில் தகடுகளால் மூடப்பட்டது. ஆனால், மூடிய இடத்திலிருந்து தூசியை உறிஞ்சும் அமைப்பு நிறுவப்படவில்லை. தூசி தோன்றும் இடத்தை மூடுவதும் அங்கிருந்து உறிஞ்சுவதும் இணைந்தே செய்யப்பட வேண்டியவை என்பதை இவ்விபத்து காட்டுகின்றது.

அளவீடும் பராமரிப்பும்

அமைப்பு நிறுவப்பட்ட நாளில் நன்கு இயங்கியது என்பது அது இன்றும் இயங்குகின்றது என்பதற்குச் சான்று ஆகாது. பட்டைகள் தளர்கின்றன, குழாய்களில் ஓட்டை விழுகின்றது, வடிகட்டிகள் அடைபடுகின்றன. பின்வரும் சோதனைகள் செய்யப்படுகின்றன:

* புகைக்குழல் சோதனை - மாசு தோன்றும் இடத்தில் சிறிதளவு புகையை விட்டு, அது முகப்பிற்குள் செல்கின்றதா எனப் பார்த்தல். செலவு குறைந்த, எவரும் செய்யக்கூடிய சோதனை இதுவாகும்.
* காற்றுவேகமானி - முகப்பின் வாயில் வேகத்தை அளத்தல்.
* அழுத்தமானி - முகப்பிற்கு அடுத்துள்ள குழாயில் நிலையழுத்தத்தை அளந்து, தொடக்க அளவுடன் ஒப்பிடல்.
* தூசி விளக்கு - வலுவான ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியின் போக்கைக் காணல்.
* தனியாள் மாதிரியெடுப்பு - தொழிலாளியின் சட்டைக் கழுத்தருகே வடிகட்டியும் இடுப்பில் சிறு எக்கியும் பொருத்தி, வேலைநேரம் முழுவதும் அவர் சுவாசிக்கும் காற்றை அளத்தல்.

இவற்றுள் இறுதியானதே அமைப்பின் உண்மையான தேர்வு ஆகும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதி, 8 மணிநேரச் சராசரியாகக் காற்றில் சுவாசிக்கத்தக்க படிகச் சிலிக்கா 1 கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என வரையறுக்கின்றது. பிரித்தானிய விதிகளின்படி உள்ளிட உறிஞ்சு அமைப்புகள் பொதுவாக 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும்.

சட்டம்

இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 13 ஆம் பிரிவில் காற்றோட்டம், வெப்பநிலை பற்றியும், 14 ஆம் பிரிவில் தூசி, புகை பற்றியும் விதித்தது. உறிஞ்சு கருவி தேவைப்படும் இடங்களில், அது தூசி தோன்றும் இடத்திற்கு எவ்வளவு அருகில் இயலுமோ அவ்வளவு அருகில் அமைய வேண்டும் என்றும், அவ்விடம் இயன்றவரை மூடப்பட வேண்டும் என்றும் 14 ஆம் பிரிவு கூறியது. டல்லாவல்லேயின் சமன்பாடு எண்களில் கூறுவதையே இப்பிரிவு சட்டமொழியில் கூறியது எனலாம். இச்சட்டத்தை உள்ளடக்கி 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2025 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

பிற கட்டுப்பாட்டு முறைகளுடன் தொடர்பு

காற்றோட்டம் முதல் தீர்வு அன்று. தீங்கு தரும் பொருளைத் தவிர்ப்பதும், அதற்கு மாற்றாகத் தீங்கு குறைந்த பொருளைப் பயன்படுத்துவதும் அதனினும் மேலானவை. மணல் வீச்சில் மணலுக்குப் பதிலாக எஃகு மணிகளைப் பயன்படுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றிற்கு அடுத்த நிலையில் காற்றோட்டமும், அதற்கு அடுத்ததாக வேலைமுறை மாற்றங்களும், இறுதியாக முகமூடியும் வருகின்றன. முகமூடி ஒருவரை மட்டுமே, அதுவும் முகத்துடன் சரியாகப் பொருந்தி, வேலைநேரம் முழுதும் அணியப்பட்டால் மட்டுமே காக்கும். மாசு தோன்றும் இடத்தில் பொருத்தப்பட்டு முறையாகப் பராமரிக்கப்படும் உறிஞ்சு முகப்பு, அக்கூடத்தில் உள்ள அனைவரையும் காக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* சிலிக்கோசிஸ்
* தொழில்சார் நோய்கள்
* பை வடிகட்டி
* மையவிலக்கு விசிறி
* தூசி வெடிப்பு